குறிப்பிட்ட பாடம்

தன் மகள் சாகப் போகிறாள் என்று லோகேஸ்வரன் ஒரு சனிக்கிழமை காலையில் நம்பினான். அப்படிச் சொன்னவள் மகள் காமினியேதான். சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, உள்ளுக்குள்ளே என்னமோ அறுந்துபோச்சுப்பா. ரத்தம் நிக்கலே. நான் செத்துருவேன்" என்று அழுதாள். அந்த ஆண்டுதான் அவள் இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்தில் சேர்ந்திருந்தாள். அவளுடைய தாய் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

கொஞ்ச நேரத்தில் லோகேஸ்வரனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதை எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை. ஜெலுத்தோங்கில் அவன் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான். எந்த எஞ்சினைப் பிரித்தாலும் ஒவ்வொரு பாகத்துக்கும் அவனிடம் மூன்று மொழியில் பெயர் இருந்தது. மனித உடம்புக்கு மட்டும் 'அது', 'அங்கே' என்பதற்கு மேல் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகவே மகளைக் கைலியால் சுற்றி மோட்டாரில் உட்கார வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினான்.

கிளினிக்கில் இஸ்ஸதி என்ற மலாய்த் தாதி இருந்தார். தமிழர்கள் நிறைந்த அடுக்குமாடியில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். காமினியை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளில் படம் வரைந்து எல்லாவற்றையும் விளக்கினார். வெளியே வந்தபோது காமினியின் முகத்தில் அழுகை இல்லை. கொஞ்சம் கோபம்தான் இருந்தது.

"ஒங்க மக நல்லா இருக்கா அண்ணே. இது நோய் இல்லே, வளர்றா, அவ்வளவுதான்" என்றார் இஸ்ஸதி.

"ரொம்ப நன்றி மிஸ்ஸி."

"நன்றிய நீங்களே வச்சுக்குங்க. ஸ்கூல்லே ஏன் சொல்லிக் குடுக்கலேன்னு போய்க் கேளுங்க. ஒரு பச்சப் புள்ள சாகப்போறோம்னு நெனச்சு நடுங்கியிருக்கா. பாவம்லா."

திங்கட்கிழமை பட்டறையைத் திறக்காமல் லோகேஸ்வரன் பள்ளிக்குப் போனான். உடற்கல்வியும் நலக்கல்வியும் நடத்தும் கோகிலா டீச்சர் அவனை ஆசிரியர் அறையின் மூலைக்கு அழைத்துப் போய்ப் பாடநூலைக் காட்டினார். இளம் ஆசிரியை, பேசும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார். புத்தகத்தின் நடுவில் சில பக்கங்களைச் சேர்த்து நாலா பக்கமும் ஸ்டேப்ளர் ஊசி அடித்திருந்தார்கள்.

"அந்தப் பாடம் இதுக்குள்ளதான் இருக்கு அண்ணே. நல்ல பாடம். ஆனா தொறக்கக் கூடாது."

"ஏன்?"

"இதுக்குன்னே ஒரு ஒப்பாய்வு மன்றம் இருக்கு. அதோட உத்தரவு. மத்த நாட்டுலெல்லாம் இத எப்படிச் சொல்லிக் குடுக்குறாங்கன்னு ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அது முடியுற வரைக்கும் நாங்க ஆரம்பிக்க முடியாது."

"எப்ப ஆரம்பிச்சாங்க?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"பரீட்சையிலே இதுலேர்ந்து கேள்வி வராதா?"

"வரும். பதில் எழுதுற பிள்ளைங்களக் கூப்பிட்டு, ஒனக்கு இது எப்படித் தெரியும்னு விசாரிப்போம்" என்று கோகிலா டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லோகேஸ்வரன் குரலை உயர்த்தியதால் தலைமையாசிரியர் வந்தார். அவர் கோபப்படவில்லை, மகிழ்ச்சியடைந்தார். மன்றத்தில் பெற்றோர் பிரதிநிதியின் இடம் காலியாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்தவரின் மகன் பல்கலைக்கழகத்தை முடித்து வேலைக்கே போய்விட்டதால், அவரைப் பெற்றோர் என்று சொல்வது பொருந்துமா என்று சந்தேகம் எழுந்திருந்தது. இப்படித்தான் லோகேஸ்வரன், எதுவும் புரிவதற்குள், மன்றத்தின் உறுப்பினன் ஆனான்.

மன்றம் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. 'பன்னாட்டுப் பள்ளிகளில் பாலியல் நலக் கல்வி ஒப்பாய்வு மன்றம்' என்பது அதன் முழுப்பெயர். வாசல் பலகையில் மூன்றாம் சொல்லின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. லோகேஸ்வரன் கலந்துகொண்ட முதல் கூட்டம் அந்த டேப்பைப் பற்றியது. மழையில் அது பிய்ந்து பிய்ந்து போகிறது, தெருவில் போகிறவர்களின் கண்ணில் சொல் பட்டுவிடுகிறது என்று செயலாளர் முத்தம்மை அம்மையார் வருத்தப்பட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். அந்தச் சொல் வரவேண்டிய இடங்களில் ஒரு முறை லேசாகக் கண்ணை மூடித் திறப்பார். கேட்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

'மனித வளர்ச்சி' என்று மாற்றலாம் என ஒருவர் சொன்னார். வளர்ச்சி என்றாலே பிள்ளைகளின் எண்ணம் எங்கெங்கோ போகும் என்று அதை நிராகரித்தார்கள். 'உடல்நலம்' என்றார் இன்னொருவர். அதில் உடல் வருகிறது என்பதால் அதுவும் கழிந்தது. மாலையில், மன்றத் தலைவர் டத்தோ முத்துவீரப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"இனி இந்த மன்றம் 'குறிப்பிட்ட பாட ஒப்பாய்வு மன்றம்' என்று வழங்கப்படும்."

"எந்தப் பாடம்னு எப்படி டத்தோ தெரியும்?" என்று லோகேஸ்வரன் கேட்டான்.

"தெரியக் கூடாது என்பதுதானே தம்பி நோக்கம்?"

எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கறி பப் பலகாரமும் தே தாரேக் தேநீரும் வந்தன.

டத்தோ முத்துவீரப்பன் வட்டித்தொழில் செய்து செழித்த குடும்பத்தில் பிறந்து, கல்வித் தொண்டுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, அரசிடம் டத்தோ பட்டம் பெற்றவர். வெள்ளைக் கோட்டும் பட்டுக் கைக்குட்டையுமாக மேடை ஏறினால், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அடுத்த கூட்டத்தில் தம் குழுவின் வெளிநாட்டுப் பயணங்களைப் படம் போட்டு விளக்கினார்.

"அவையோர்களே! நெதர்லாந்து நாட்டில் நான்கு வயதுக் குழந்தையிடமே உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதை நேரில் காண ஒரு பள்ளிக்கு அழைக்கப்பட்டோம். வகுப்பறைக்குள் படம் ஒன்று மாட்டப்பட்டிருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஆகவே நம் பண்பாட்டைக் காக்கும் பொருட்டு, குழுவினர் அனைவரும் தாழ்வாரத்தில் நின்றபடியே ஆய்வை நடத்தினோம். தாழ்வாரம் மிகத் தூய்மையாக இருந்தது."

திரையில் தாழ்வாரத்தின் படம் வந்தது. பிறகு பூந்தோட்டத்தின் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

"சுவீடனில் தாத்தா காலத்திலிருந்தே இது கட்டாயப் பாடம். நாங்கள் போனபோது பள்ளி விடுமுறை. ஆகவே தவறாக எதுவும் நடக்கவில்லை. ஜப்பானுக்குப் போனோம். அங்கே குழந்தை தாயின் வயிற்றில் வளர்வதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பாடத்திட்டம் தொடுவதில்லை. என்ன கண்ணியம்! அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு மாதிரி. ஒரு மாநிலத்தில் சொல்கிறார்கள், பக்கத்து மாநிலத்தில் சொல்வதில்லை. ஆகவே அந்த நாட்டுக்கு மட்டும் நாங்கள் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது."

லோகேஸ்வரன் கையைத் தூக்கினான். "டத்தோ, அந்த நாட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் விஷயம் தெரியுதா? பயப்படாம இருக்குதுங்களா?"

டத்தோ புள்ளிவிவர உறுப்பினர் ஹைதரைப் பார்த்தார். ஹைதர் கணக்குப் படித்தவர், அதிகம் பேசமாட்டார். "அத யாரும் கேக்கச் சொல்லலே" என்று மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளைகள் நம் ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்" என்று டத்தோ விளக்கினார். "நாம் நாடுகளை மட்டுமே ஒப்பிடுகிறோம்."

சில வாரங்கள் கழித்து மன்றம் ஒரு மாதிரி வகுப்பு நடத்தியது. அதுவரை பார்த்த நாடுகளின் சிறந்த அம்சங்களையெல்லாம் சேர்த்து உருவாக்கிய வகுப்பு என்றார்கள். நிபோங் தெபால் பக்கம், செம்பனைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது முத்தம்மை அம்மையாரின் கணிப்பு. பள்ளி வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, டத்தோவுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள்.

முத்தம்மை அம்மையார் ஒரு பெரிய பூசணிப்பூவின் படத்தை மாட்டினார். ஆண் பூ, பெண் பூ என்ற சொற்களையும் தவிர்த்து, 'இந்தப் பூ', 'அந்தப் பூ' என்றார். இந்தப் பூவிலிருந்து ஒரு தேனீ புறப்பட்டு அந்தப் பூவுக்குப் போகிறது. கொஞ்ச நாளில் அங்கே ஒரு பிஞ்சு வருகிறது. மனித வாழ்வும் இத்தகையதே. ஆகவே பெரியோரை மதித்து நடக்க வேண்டும் என்று வகுப்பை முடித்தார். டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், அப்போ தேனீ கொட்டுனா பிள்ள பொறக்குமா?"

முத்தம்மை அம்மையார் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "இதற்குப் பெற்றோர் பிரதிநிதி பதில் சொல்வார்" என்று ஒலிவாங்கியை லோகேஸ்வரன் கையில் திணித்தார்.

லோகேஸ்வரன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். காமினியை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பொறக்காதும்மா" என்றான். ஒலிவாங்கியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தான். "அத எப்படிச் சொல்லிக் குடுக்குறதுன்னு கேக்கத்தான் நானும் இங்கே வந்தேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டத்தோ அவனிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, மாணவர்கள் இயற்கையின் மீது பேரார்வம் காட்டியதற்கு நன்றி சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பூச்செடிப் பக்கம் போவதற்கே பயப்படுகிறார்கள் என்று பள்ளியிலிருந்து பிறகு தகவல் வந்தது. ஒழுக்கம் மேம்பட்டிருப்பதற்கு அதை ஒரு சான்றாக மன்றம் எடுத்துக்கொண்டது.

இந்த நாட்களிலெல்லாம் காமினி பள்ளி வேனில் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேனை ஓட்டியவர் ராமசாமி. நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். அந்த வட்டாரத்துப் பெற்றோர் எல்லாருக்கும் பழக்கமானவர். "ஏன்மா, வேகமா ஓட்டுறாரா?" என்று லோகேஸ்வரன் கேட்டான். காமினி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ம்" என்றாள். மறுநாள் லோகேஸ்வரன் ராமசாமியை நிறுத்தி, தானே வேனின் அடியில் படுத்துப் பிரேக்கைப் பரிசோதித்தான். பிரேக் நன்றாக இருந்தது. "கவலப்படாத தம்பி, பிள்ளைங்க எல்லாம் நம்ம பிள்ளைங்க" என்றார் ராமசாமி. லோகேஸ்வரன் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்து, "அந்த அங்கிள் கெட்டவரு" என்றாள் காமினி.

"என்ன கெட்டது செஞ்சாரு?"

"அது… அதுப்பா."

"எது?"

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாள் வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த நாள் தலைவலி. லோகேஸ்வரன் அவளை மறுபடியும் இஸ்ஸதியிடம் அழைத்துப் போனான்.

இஸ்ஸதி காமினியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. முன்பு வரைந்தது போலவே ஒரு தாளில் ஓர் உடம்பை வரைந்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் தமிழிலும் மலாயிலும் பெயர் சொன்னார். கழுத்து, தோள், மார்பு, வயிறு, தொடை, பிறப்புறுப்பு. கையைச் சொல்வது போலவே எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். "இது எல்லாமே ஒன்னோடது. நீ வேணாம்னு சொன்னா யாரும் தொடக் கூடாது. யாராச்சும் தொட்டாங்களா?" என்று கேட்டார்.

காமினி படத்தில் விரலை வைத்தாள். பிறகு இஸ்ஸதி சொல்லிக் கொடுத்த சொல்லையே சொன்னாள். யார் என்பதையும் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்டதும் லோகேஸ்வரன் எழுந்து வெளியே நடந்தான். மோட்டாரின் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான். இஸ்ஸதி ஓடிவந்து மோட்டாருக்கு முன்னால் நின்றார்.

"நீங்க ஜெயிலுக்குப் போனா ராத்திரி அவளுக்குச் சோறு யார் போடுவாங்க? அவன் ஜெயிலுக்குப் போகணும். நீங்க இல்லே."

"நான் அந்த நாய்க்குக் கோப்பி வாங்கிக் குடுத்தேன் மிஸ்ஸி. பிரேக்கப் பாத்தேன். என் மக வாரக்கணக்கா என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கா…"

கிளினிக் வாசலில், மருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு எதிரே, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். காமினி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அன்றே மூவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். பெண் அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் காமினியால் பதில் சொல்ல முடிந்தது. மறுநாள் ராமசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மன்றத்தின் பன்னாட்டு மாநாடு பத்து ஃபிரிங்கி என்ற ஊரின் கடற்கரை விடுதி ஒன்றில் நடந்தது. லோகேஸ்வரன் போக வேண்டாம் என்றுதான் இருந்தான். கோகிலா டீச்சர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, இன்னைக்கு முடிவு சொல்லப்போறாங்களாம். ஆசிரியருங்களும் கட்டாயம் வரணும்னு சொல்லிட்டாங்க. நீங்க வாங்க" என்றார். அவன் பட்டறைச் சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

ஹைதர் தயாரித்த பெரிய வரைபடம் திரையில் வந்தது. நாடுகளின் பெயர்களுக்கு எதிரே சிவப்புக் கோடுகள். பிள்ளைகள் மீதான குற்றங்கள் குறித்து எந்த நாட்டில் எவ்வளவு புகார் பதிவாகிறது என்பதைக் காட்டும் கோடுகள் அவை. டத்தோ ஒரு குச்சியை எடுத்துக்கொண்டார்.

"அவையோர்களே! பல்லாண்டு உழைப்பின் கனி இதோ! புகார் எங்கே அதிகம்? குறிப்பிட்ட பாடத்தைப் பச்சையாகச் சொல்லிக் கொடுக்கும் நாடுகளில்! புகார் எங்கே குறைவு? சொல்லிக் கொடுக்காத இடங்களில்! இதிலிருந்து என்ன தெரிகிறது? பெயர் தெரிந்த பிள்ளைதான் புகார் செய்கிறது. பெயரே தெரியாத பிள்ளை எப்படிப் புகார் செய்யும்? ஆகவே நம் பிள்ளைகள் உலகிலேயே பாதுகாப்பாக இருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு தொடர வேண்டும் என்றால், பக்கங்கள் மூடியே இருக்க வேண்டும்!"

கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை. முத்தம்மை அம்மையார் எழுந்து நின்று தட்டினார். லோகேஸ்வரனும் எழுந்து நின்றான். அவன் தட்டவில்லை என்பதை யாரோ கவனித்து, பெற்றோர் பிரதிநிதி பாராட்டிப் பேச விரும்புகிறார் போலும் என்று எண்ணி ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"டத்தோ சொன்னது சரிதான்" என்றான் லோகேஸ்வரன். "பேரு தெரியாத பிள்ள புகார் செய்யாது. என் மக செய்யலே. ஸ்கூல் வேன்லே ஒருத்தன் தெனமும் அவ மேல கை வச்சிருக்கான். அவளுக்கு அதச் சொல்ல வார்த்தை இல்லே. 'அது'ன்னா. எனக்கும் வார்த்தை இல்லே. 'எது'ன்னு கேட்டேன். இந்தக் கோட்டுலே நம்ம ஊரு ஏன் சின்னதா இருக்குன்னு இப்ப விளங்குதா? நடக்காததாலே இல்லே. நீங்க பிள்ளைங்க வாயிலே ஊசி அடிச்சு வச்சிருக்கீங்க, அதாலே."

லோகேஸ்வரன் ஒலிவாங்கியை வாய்க்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தான்.

"அந்த நாடு, இந்த நாடுன்னு போய்ப் பாத்தீங்களே, சுங்கை பினாங் வரைக்கும் ஒரு தடவ வந்தீங்களா? ஒரு மிஸ்ஸி ஒரு தாள்லே படம் போட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. அவ்வளவுதான். கொஞ்ச நேரந்தான் ஆச்சு. என் மக எல்லாத்தையும் சொல்லிட்டா. அவன் இப்ப லாக்கப்லே இருக்கான். மார்புன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு என்ன வெக்கம்? அவனுக்கு வெக்கமா இருந்துச்சா?"

'மார்பு' என்றதும் முத்தம்மை அம்மையார் கண்ணை மூடினார். ஒலிவாங்கி அணைந்தது.

சற்று நேரம் கழித்து டத்தோ தழுதழுத்த குரலில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்குமாறு அவையைக் கேட்டுக்கொண்டார். எல்லாரும் எழுந்து நின்று மிகச் சிறப்பாக மௌனம் காத்தார்கள். அதில் மன்றத்துக்கு நீண்ட பயிற்சி இருந்தது. பிறகு, பெண் பிள்ளைகள் இனி வேனில் ஏறும்போது சீருடைக்கு மேல் தடித்த ஜாக்கெட் அணிய வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஓட்டுநர்களைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை. ஓட்டுநர்கள் பாடத்திட்டத்தின் கீழ் வரமாட்டார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் டத்தோ அவன் தோளில் கை போட்டு ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். மேடைத் தமிழை விட்டுவிட்டு மெதுவாகப் பேசினார்.

"தம்பி, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். கேஸ வாபஸ் வாங்கிடுங்க. பொம்பளப் பிள்ள. பேரு வெளிய போனா நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

லோகேஸ்வரன் அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

"அவளுக்குப் பதிமூணு வயசு டத்தோ. அவ ஒடம்பப் பத்திப் பேசுனா ஒங்களுக்கு அசிங்கம். அவ கல்யாணத்தப் பத்திப் பேசுறது மட்டும் அசிங்கம் இல்லையா?"

யாரோ டத்தோவைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் கோகிலா டீச்சர் வகுப்பில் பிள்ளைகளிடம் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். ஊசிகளைப் பிடுங்கச் சொன்னார். தன் புத்தகத்தின் ஊசிகளை முதலில் அவரே பிடுங்கினார் என்று காமினி வீட்டில் வந்து சொன்னாள். பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நடத்தினார். வகுப்பு முடிந்ததும் வேறு இரண்டு பெண்கள் அவரிடம் வந்து, வேனைப் பற்றிப் பேசினார்கள். அவர் அவர்களைப் பெற்றோரோடு போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். மாதம் முடிவதற்குள் அவரைப் பினாங் தீவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர் தன் முதல் வேலையாக ஒரு பெட்டி ஸ்டேப்ளர் ஊசி வாங்கினார். லோகேஸ்வரனை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். அவனுடைய பேச்சை மாநாட்டு அறிக்கையில் 'பெற்றோர் பிரதிநிதி இருமினார்' என்று குறித்தார்கள். மன்றம் அடுத்ததாக ஐஸ்லாந்தை ஒப்பிடப் புறப்பட்டது.

கோகிலா டீச்சர் விட்ட இடத்திலிருந்து இஸ்ஸதி தொடர்ந்தார். சனிக்கிழமைகளில், அடுக்குமாடியின் கீழே இருக்கும் பொது மண்டபத்தில், வருகிற பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்லிக் கொடுத்தார். முதலில் காமினியும் அவளுடைய இரண்டு தோழிகளும் மட்டுமே வந்தார்கள். பிறகு பையன்களும் வந்தார்கள். லோகேஸ்வரன் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து தானும் கேட்டான். ஒரு முறை ஒரு கிழவர் வந்து, இது என்ன கண்றாவி என்று சத்தம் போட்டார். "ஒங்க பேத்தியும் இதே ஸ்கூல்தானே? ஒக்காந்து கேளுங்க" என்றான் லோகேஸ்வரன். கிழவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. தூணில் சாய்ந்தபடி வகுப்பு முடியும் வரை நின்றுகொண்டிருந்தார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது காமினி இரண்டாம் படிவத்தில் இருந்தாள். ராமசாமியை அவள் பார்க்க வேண்டாம் என்பதற்காக அவளைத் தனி அறையில் உட்கார வைத்து, ஒரு காணொளித் திரை வழியாக நீதிபதியிடம் பேச வைத்தார்கள். லோகேஸ்வரன் பக்கத்தில் இருக்க அனுமதி கிடைத்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். காமினிக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனாலும் முறைப்படி ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். டை கட்டிய, பல வருட அனுபவம் உள்ள மனிதர்.

எங்கே தொட்டார் என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். காமினி தமிழில் தெளிவாகச் சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த இடத்தில் என்கிறாள்" என்று மலாயில் சொன்னார்.

"எந்த இடத்தில்?" என்று நீதிபதி கேட்டார். அவர் ஒரு பெண்மணி. எழுதுவதற்குத் தயாராகப் பேனாவைப் பிடித்திருந்தார்.

"மேல்பகுதியில், யாங் ஆரிஃப்" என்று நீதிபதிக்குரிய மரியாதைச் சொல்லோடு முடித்தார் மொழிபெயர்ப்பாளர்.

ராமசாமியின் வழக்கறிஞர் உடனே எழுந்தார். மேல்பகுதி என்றால் தோளாகவும் இருக்கலாம், முதுகாகவும் இருக்கலாம். ஒரு பெரியவர் பிள்ளையைத் தட்டிக் கொடுப்பது குற்றமா என்று கேட்டார். லோகேஸ்வரன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மொழிபெயர்ப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையில் தெரிந்த காமினியைப் பார்த்துக் குனிந்து, "அம்மா, நெஞ்சுப் பக்கம்னு சொல்லிடட்டுமா? இல்லே, கை பட்டுச்சுன்னு மட்டும் சொன்னா போதுமா?" என்று கெஞ்சுவது போலக் கேட்டார்.

காமினி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில், முதல் நாள் கிளினிக்கிலிருந்து வெளியே வந்தபோது இருந்த கோபத்தை விடப் பெரிய கோபம் இருந்தது. "வேணாம் அங்கிள்" என்றாள்.

பிறகு நேராக நீதிபதியைப் பார்த்து, மலாயில், அந்த உறுப்பின் பெயரைச் சொன்னாள். எந்தக் கையால் தொட்டான் என்று சொன்னாள். வேன் எந்த இடத்தில் நிற்கும்போது என்று சொன்னாள். தான் வேண்டாம் என்று தள்ளிவிட்டதையும் அவன் சிரித்ததையும் சொன்னாள். ஓரிடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ராமசாமியின் வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டார். நீதிபதி அவரை நிமிர்ந்து பார்க்காமல், காமினி சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும், கொஞ்சம் ஓய்வு வேண்டுமா என்று அவளிடம் கேட்டார்.

"வேண்டாம், புவான்" என்று மரியாதையாகச் சொன்னாள் காமினி. "அடுத்த கேள்வியைக் கேளுங்கள்."